யானைமலையும் கண்மாய்த் தண்ணியும்: ஆயில் கலர்ல மலை-ஏரி வரைய புதுசா வர்றவங்களுக்கு

மலையும் ஏரியும் சேர்ந்த காட்சிய ஆயில் பெயிண்டிங்கா வரையணும்னு ஆசப்படறவங்க நெறைய பேரு யூடியூப்ல பனிமலை, பைன் மரம், நீலக்கலர் ஏரின்னு பாத்துட்டு அதையே காப்பியடிக்க உக்காந்துடறாங்க. வராதுன்னு சொல்லல, வரும், ஆனா பனியில விழற நிழல் என்ன கலர்ல இருக்கும்னு நேர்ல பாக்காம வீடியோக்காரர் சொன்னத அப்படியே நம்பித்தான் போடணும், எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா திரும்பிப் பாக்க ஒண்ணும் இருக்காது. மதுரைக்காரங்களுக்கு அந்தத் தலவிதி இல்லவே இல்ல. ஒத்தக்கடைப் பக்கம் போனா யானைமலை, அந்தப் பக்கம் கண்மாய்ங்க, நாகமலைப் பக்கம் போனா கீழக்குயில்குடி சமணர் மலை, அடிவாரத்துல அய்யனார் கோயிலு, தாமரைக்குளம். லீவு போட்டுப் போலாம்னா வைகை அணை இருக்கு, 1959ல திறந்தது, ஆண்டிபட்டி பக்கம், தண்ணிக்கு அங்கிட்டு மலை வரிசையா நிக்கும். இன்னும் மேல ஏறினா கொடைக்கானல் ஏரி. அதுவே 1863ல அப்ப மதுரை கலெக்டரா இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் வெட்ட வச்ச ஏரிதான், அதனால அதுவும் நம்ம கணக்குதான்.

நான் சொல்லப்போறது யானைமலை-கண்மாய வச்சு. கொடைக்கானல் போறவங்களும் இதே முறையில வரையலாம், கலர் மட்டும் கொஞ்சம் மாறும், அங்க மூடுபனி இருக்கும் இங்க புழுதி இருக்கும். ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், கண்மாய்ல தண்ணி வேணும்னா ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் போங்க, தை வரைக்கும் நல்லா இருக்கும். சித்திரையில போனா வெடிச்ச களிமண்ணும் கருவேலமும்தான் மிஞ்சும், அதுவும் வரையலாம்தான், ஆனா ஏரி வராது.

உணர்ச்சியோட வரையறதுன்னா என்னன்னு கேட்டா, கண்டபடி கலர அள்ளி வீசறதுன்னு பாதிப் பேரு நெனச்சிட்டிருக்காங்க. அது இல்ல. அந்த எடத்துல நின்னப்ப உங்களப் புடிச்சு நிறுத்துன ஒண்ணு எதுன்னு முடிவு பண்ணிட்டு, மத்த எல்லாத்தையும் அதுக்கு அடங்கிப் போக வைக்கிறது, அம்புட்டுதான். யானைமலையோட கனம்தான் உங்களப் புடிச்சுதுன்னா மலைய கேன்வாஸ்ல முக்கால்வாசிக்கு ஏத்துங்க, தண்ணி கீழ ஒரு பட்டையா இருந்தாப் போதும். தண்ணிதான் புடிச்சுதுன்னா மலைய மேல ஒரு ஓரமா தள்ளுங்க, உச்சி வெட்டுப்பட்டாலும் பரவால்ல. பாதி வானம் பாதி தண்ணி நடுவுல மலைன்னு சமமாப் பிரிச்சா எது முக்கியம்னு பாக்கறவங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. (சுவிட்சர்லாந்து ஓவியர் ஹோட்லர் 1905ல துன் ஏரிய மேலயும் கீழயும் ஒண்ணு போலவே வச்சு வரைஞ்சிருக்காரு, ஆனா அந்தச் சமமே அவரோட விஷயம், அத வேணும்னே பண்ணாரு. நாம தெரியாமப் பண்றது வேற.)

என்னென்ன வாங்கணும்

கலர் ஆறு ஏழு போதும், இருபத்திநாலு கலர் செட்டு வாங்காதீங்க, வாங்கினா கலக்கவே கத்துக்க மாட்டீங்க. டைட்டானியம் வைட் பெரிய டியூப், ஏன்னா அதுதான் வெரசா தீரும். அப்புறம் அல்ட்ராமரின் ப்ளூ, லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செங்காவிப் பழுப்பு), அலிசரின் க்ரிம்சன் (நீலம் தட்டுற அடர் சிவப்பு), முடிஞ்சா இன்னொரு சிவப்பு. கருப்பு வேணாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தா கருப்பு வந்துடும், அதுல நீலத்தக் கூட்டினா குளிர்ச்சியான கருப்பு, சியன்னாவக் கூட்டினா சூடான கருப்பு, அதுலயே வெள்ளை கலந்தா யானைமலைப் பாறைக்கு வேண்டிய சாம்பல் எல்லாமே வந்துடும். மலைக்கு வேண்டியதுல பாதி இந்த ரெண்டு டியூபுக்குள்ளயே இருக்கு.

பிரஷ்ஷு பன்றிமுடி பிரஷ், தட்டையானது, பெருசு ஒண்ணு நடுத்தரம் ரெண்டு, சின்ன உருண்டை ஒண்ணு. பெயிண்டிங் நைஃப் ஒண்ணு, கொத்தனார் கரண்டி கணக்கா கழுத்து வளைஞ்சது. கேன்வாஸ் போர்டு 10க்கு 12 இன்ச் இல்லாட்டி 12க்கு 16. மொதல்லயே பெரிய கேன்வாஸ் வாங்கி அத ரூம் மூலையில சாத்தி வச்சு பயந்துக்கிட்டே இருக்கறவங்களப் பாத்திருக்கேன். கனடாவுல டாம் தாம்சன்னு ஒருத்தர், அல்கோன்குயின் பார்க்ல படகு ஓட்டிக்கிட்டே ஏரி ஏரியாப் போயி ஏறக்குறைய 21க்கு 27 சென்டிமீட்டர் மரப்பலகையில அந்த எடத்துலயே வரைஞ்சு முடிச்சிருவாரு, 1917ல செத்துப்போயிட்டாரு, அதுவும் ஒரு ஏரியிலதான், ஆனா அந்தக் குட்டிப் பலகைங்கள இன்னிக்கும் பாத்தா காத்தும் குளிரும் அதுக்குள்ள இருக்கற மாதிரியே இருக்கும். நெட்ல தேடிப் பாருங்க, எவ்வளவு கம்மியான பிரஷ் இழுப்புல முடிச்சிருக்காருன்னு மட்டும் எண்ணுங்க.

டர்பன்டைனும் லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்தான்) ஆர்ட் பொருள் விக்கிற கடையிலயே வாங்குங்க. ஹார்டுவேர் கடை டர்பன்டைன் பிரஷ் கழுவ ஆகும், கலர்ல கலக்க வேணாம், தின்னர்னு குடுத்தா அதத் தொடவே தொடாதீங்க. வீட்ல இருக்கற நல்லெண்ணெய், கடலெண்ணெய் எதையும் கலர்ல கலந்துடாதீங்க, ஆளிவிதை எண்ணெய் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து இறுகிப் படலமாகும், அதத்தான் நாம காயறதுங்கறோம், கடலெண்ணெய் அப்படிக் காயவே காயாது, பிசுபிசுன்னு அப்படியே கெடக்கும். ஆனா அதே கடலெண்ணெய் பிரஷ் கழுவறதுக்கு ரொம்ப நல்லது, கலர மொதல்ல அதுல கரைச்சுத் தொடச்சிட்டு அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

நம்ம ஊரு வெயில்ல வாட்டர்கலரும் அக்ரிலிக்கும் தட்டுலயே காஞ்சு போகும், ஆயில் அப்படி இல்ல, காலையிலருந்து மதியம் வரைக்கும் ஈரமாவே கெடக்கும், யோசிச்சு யோசிச்சு மாத்தலாம். வெளிய உக்காந்து வரைய நான் ஆயிலத்தான் சொல்லுவேன்.

எடத்துக்குப் போனதும்

நிழல்ல உக்காருங்க, முக்கியமா கேன்வாஸ் மேலயும் கலர் கலக்கற பலகை மேலயும் வெயில் விழக்கூடாது. வெயில்ல வச்சு வரைஞ்சா எல்லாக் கலரும் பளிச்சுனு தெரியும், அத நம்பி நீங்க இருட்டா கலந்துக்கிட்டே போவீங்க, வீட்டுக்குக் கொண்டுவந்து சுவத்துல வச்சா அழுது வடியும். கொடை புடிச்சா கருப்புக் கொடை புடிங்க, கலர் கொடைன்னா அந்தக் கலர் கேன்வாஸ்ல எறங்கிடும். சட்டையும் வெள்ளை வேணாம், அதுல பட்டுத் திரும்புற வெளிச்சம் ஈரப் பெயிண்ட்ல மினுங்கும்.

ஒடனே பெயிண்ட தொறக்காதீங்க. சின்ன நோட்டுல தீப்பெட்டி சைஸுக்கு பென்சில்ல நாலஞ்சு படம் போடுங்க, மலை எங்க, தண்ணி எங்க, கரை எங்கன்னு மட்டும். போடும்போது கண்ண இடுக்கிக்கிட்டுப் பாருங்க, அப்ப இலை, கல்லு, கொக்கு எல்லாம் மறைஞ்சு போயி வெளிச்சம், நடு டோன், இருட்டுன்னு பெரிய பெரிய துண்டா நாலே நாலுதான் தெரியும். அந்த நாலு துண்டுதான் உங்க படம். பொதுவா வானம் ரொம்ப வெளிச்சமா இருக்கும், அதுக்கடுத்து படுத்துக் கெடக்கற தரையும் தண்ணியும், அதுக்கடுத்து சரிஞ்சு நிக்கிற மலை, எல்லாத்தவிட இருட்டு நேரா நிக்கிற மரங்க, ஏன்னா மேலருந்து வர்ற வெளிச்சம் நேரா நிக்கிறதுல கம்மியாத்தான் விழும். ஆனா யானைமலை மொட்டப் பாறை, பக்கவாட்டுல காலை வெயில் அடிக்கிறப்போ பாறை வானத்தவிடப் பளிச்சுனு ஆயிடும், அதனால சூத்திரத்த நம்பாம கண்ண இடுக்கிப் பாத்து முடிவு பண்ணுங்க.

இந்த வெளிச்சம்-இருட்டு கணக்கு, அதாவது டோன்தான் மொத்தக் கட்டுரையிலயும் முக்கியமான விஷயம். டோன் சரியா இருந்துச்சுன்னா கலர்ல நீங்க என்ன வேணாலும் விளையாடலாம், பாறைய ஊதாவுல போடலாம், தண்ணிய ஆரஞ்சுல போடலாம், பாக்கறவங்க கண்ணு அத மலைன்னும் தண்ணின்னும் ஏத்துக்கும். டோன் தப்பிப்போச்சுன்னா கலர் எவ்வளவு கரெக்டா இருந்தாலும் படம் சப்பையாத்தான் இருக்கும்.

மொதல் பூச்சு

வெள்ளை கேன்வாஸ்ல நேரா ஆரம்பிக்காதீங்க, வெள்ளையில எந்தக் கலர வச்சாலும் இருட்டாத் தெரியும். மொத நாளே வீட்ல பர்ன்ட் சியன்னாவ நெறைய டர்பன்டைன் விட்டு ரசம் பதத்துக்குக் கரைச்சு மொத்தமா பூசி, துணியால தொடச்சு விட்டுடுங்க. செம்மண் கலர்ல ஒரு தளம் வரும், அது அங்கங்க மேல் கலர் நடுவுல எட்டிப் பாக்கறதே தனி அழகு, அதுவும் நம்ம பக்கத்து மண்ணுக்குப் பொருத்தம்.

எடத்துல அதே மாதிரி தண்ணிப் பதத்துல பெரிய பிரஷ்ஷால மலையோட வெளிக்கோட்ட போடுங்க. யானைமலைய வரையறப்போ எல்லாரும் பண்றது, யானை படுத்திருக்குன்னு தெரிஞ்சதால தும்பிக்கை, நெத்தி, முதுகுன்னு யானையையே வரைஞ்சிடறது. கோட்டோட சாய்வ மட்டும் பாருங்க, எங்க செங்குத்தா எறங்குது, எங்க நீளமா படுக்குதுன்னு. ஒரு நீளமான சாய்வு, ஒரு வெட்டு, அம்புட்டுதான், யானை தானா வரும். அப்புறம் இருட்டுப் பகுதிங்கள எல்லாம் அந்த மெல்லிசுக் கலர்லயே நெரப்பிடுங்க, கரை மரம், மலையோட நிழல் பக்கம், தண்ணியில அதோட பிம்பம். இதுல லின்சீட் ஆயில் சேக்காதீங்க. ஆயில் பெயிண்டிங்ல மாறாத விதின்னா இதுதான், கீழ எண்ணெய் கம்மி, மேல போகப் போக எண்ணெய் ஜாஸ்தி. தலகீழாப் பண்ணா மேல் பூச்சு மொதல்ல காஞ்சு இறுகிடும், கீழ இருக்கறது அப்புறமா அசையும், பல வருசம் கழிச்சு வெடிப்பு விடும்.

வானம் அப்புறம் மலை

வானத்த டியூப்லருந்து எடுத்த நீலத்துல போடாதீங்க. நம்ம வானம், அதுவும் பத்து மணிக்கு மேல, பாதி வெள்ளை. மேல அல்ட்ராமரின் கொஞ்சம், கீழ எறங்க எறங்க ஓக்கர் தொட்ட வெள்ளை. முடிச்சிட்டு மலைக்கு வந்துடுங்க, வானத்துலயே மணிக்கணக்கா மெழுகிட்டு உக்காராதீங்க.

மலையில ரெண்டே கலர் குவியல் போதும், வெயில் பக்கத்துக்கு ஒண்ணு நிழல் பக்கத்துக்கு ஒண்ணு. சாயங்கால வெயிலுன்னா வெயில் பக்கம் ஓக்கர், வெள்ளை, துளி அலிசரின். நிழல் பக்கம் அல்ட்ராமரின், அலிசரின், கொஞ்சம் சியன்னா, வெள்ளை. ரெண்டையும் நைஃபால பலகையிலயே நல்லா கலந்து, பெரிய குவியலா வச்சுக்கிட்டு அப்புறம்தான் கேன்வாஸுக்குப் போகணும், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுசா கலந்தா மலை துண்டு துண்டா ஒட்டுப்போட்ட மாதிரி ஆயிடும். பிரஷ்ஷ பாறை எறங்குற தெசையிலயே இழுங்க, வழவழன்னு வழியிற பாறைக்கு நீள இழுப்பு, அடிவாரத்து உருண்டைக் கல்லுங்களுக்குக் குட்டி குட்டியா அமுக்கல். இங்கதான் கை பேசறது. அழுத்தி இழுத்த கோடு அழுத்தமாவே தெரியும், பயந்து தடவுனது பயந்த மாதிரியே தெரியும். பின்னாடி தூரத்துல அழகர்மலைப் பக்கத்து மலைங்க தெரிஞ்சா அத வெளிறின நீலத்துல ஒரே இழுப்பு, உள்ள ஒண்ணும் வரையாதீங்க. தூரம் போகப் போக நடுவுல இருக்கற காத்து நீல வெளிச்சத்தச் சிதறடிக்கும், அதான் தூரத்து மலை நீலமாவும் வெளிறியும் தெரியுது, ஓரமும் மங்கும்.

கரையில நிக்கிற கருவேலம், பனை இதெல்லாம் பச்சைன்னு சொல்லிக்கிறோமே தவிர உண்மையில சாம்பல் கலந்த பச்சை. அல்ட்ராமரினும் ஓக்கரும் கலந்தா அந்தப் பச்சை வரும். லெமன் யெல்லோ போட்ட பச்சைய வயலுக்கு மட்டும் வச்சுக்கோங்க, அதுவும் நாத்து நட்ட புதுசுன்னா.

தண்ணி

இங்கதான் எல்லாரும் சறுக்கறது, அதனால பைய சொல்றேன். தண்ணிக்குன்னு தனிக் கலர் கெடையாது. தூரத்துல இருக்கற தண்ணிய நீங்க படுக்கை வாட்டுல பாக்கறீங்க, அது வானத்தையும் மலையையும் அப்படியே திருப்பிக் காட்டும். உங்க காலடியில இருக்கற தண்ணிய மேலருந்து பாக்கறீங்க, அது அவ்வளவாத் திருப்பாது, உள்ள இருக்கற சேறு, பாசி தெரியும். அப்ப ஒரே கண்மாய்ல மேல் பக்கம் வானக் கலர், கீழ வர வர பழுப்புப் பச்சை. இத ஒண்ண கவனிச்சுப் போட்டாலே தண்ணி படுத்துக்கும், இல்லேன்னா நீலச் சுவரு மாதிரி நிக்கும்.

தண்ணியில தெரியற பிம்பம் எப்பவும் பொருளுக்கு நேர் கீழதான் விழும், சாயாது. வெளிச்சமான பொருள் தண்ணியில கொஞ்சம் இருட்டாத் தெரியும், இருட்டான பொருள் கொஞ்சம் வெளிறித் தெரியும், கண்மாய்த் தண்ணி கலங்கலா இருந்தா இன்னும் வெளிறும். இன்னொண்ணு, மலைய அப்படியே தலகீழாக் கவுத்து வச்சா தப்பு. மலை தூரத்துல இருக்கு, கரை கிட்டத்துல இருக்கு, அதனால தண்ணிக்குள்ள மலையோட அடிவாரத்தக் கரையோட பிம்பம் மறைச்சிடும், மலை கட்டையாத் தெரியும், கரைப் பனைமரம் நேர்ல மலை உச்சிக்குக் கீழ நின்னாலும் தண்ணிக்குள்ள உச்சியத் தாண்டிக்கூட நீளும். போயி உக்காந்து பாருங்க, நான் சொல்றது பொய்யான்னு.

வரையற முறை இது. மலையோட பிம்பக் கலர மேலருந்து கீழ நெட்டுக்கு இழுத்து வைங்க, பனையோடதையும் அப்படியே. பெயிண்ட் ஈரமா இருக்கறப்பவே, சுத்தமா தொடச்ச காஞ்ச தட்டைப் பிரஷ்ஷ எடுத்து, கை எடையே படாம, இடதுலருந்து வலதுக்கு ஒரே ஒரு தடவ படுக்கையா இழுங்க. ஓரமெல்லாம் நெகிழ்ந்து போயி தண்ணி ஆயிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷத் தொடைங்க, தொடைக்காம ரெண்டாவது மூணாவதுன்னு போனா சேறாயிடும். அப்புறம் காத்து பட்ட எடம், கண்மாய் நடுவுல ஒரு கோடு மட்டும் பளிச்சுனு வெள்ளையா ஓடும் பாத்திருப்பீங்க, அத நைஃப் ஓரத்துல வானக் கலர எடுத்து ஒரே தொடுப்புல படுக்கையா வைங்க. ரெண்டு வச்சா போதும், ஆறு வச்சா ரோட்டுல போட்ட கோடு. தண்ணியும் கரையும் சேர்ற எடத்துல மெல்லிசா ஒரு இருட்டு, அங்கங்க விட்டு விட்டு.

கீழக்குயில்குடி போறவங்களுக்கு, தாமரை இலை மூடுன எடத்துல பிம்பமே தெரியாது, இலைங்க நடுவுல இடுக்குல மட்டும்தான் தெரியும். இலைய ஒண்ணொண்ணா வரையாம கிட்டத்துல ரெண்டு மூணு முட்டை வடிவம், தூரம் போகப் போக வெறும் படுக்கைக் கீத்து.

கலர மாத்தற எடம்

இப்ப மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. மலை, தண்ணி, கரை மூணும் தனித்தனியாப் பிரிஞ்சு தெரிஞ்சா டோன் சரி. இனி துணிஞ்சு மாத்தலாம். மத்தியானச் சூட்டதான் படத்துல கொண்டுவரணும்னா நிழல்ல இருக்கற சாம்பல அதே டோன் ஊதாவா மாத்துங்க, பாறை வெளிச்சத்துல லெமன் யெல்லோ துளி சேருங்க, பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தூக்கும். மழைக்கு முந்துன பொழுதோட கனம்தான்னா எல்லாக் கலர்லயும் அல்ட்ராமரின்-சியன்னா சாம்பல் கொஞ்சம் கலந்து ஒரே குடும்பமாக்கிட்டு, ஒரே ஒரு எடத்துல மட்டும் வெளிச்சத்த விடுங்க.

கடைசியா தடிச்ச பெயிண்ட். நைஃபால, லின்சீட் ரெண்டு சொட்டு சேத்து, வெளிச்சம் நேரா அடிக்கிற பாறை மொகத்துலயும் முன்னாடி கரை மண்ணுலயும் மட்டும் அப்புங்க. வானம், தண்ணி, நிழல் மெல்லிசாவே இருக்கட்டும். எல்லாத்தையும் தடிசாப் போட்டா எதுவும் தடிசாத் தெரியாது.

எழுந்து பத்தடி பின்னாடி போயி பாருங்க. மொதல்ல எது உங்களப் புடிச்சுதுன்னு சொன்னீங்களோ அதுதான் மொதல்ல கண்ணுல படுதான்னு பாருங்க. படுதுன்னா பிரஷ்ஷக் கீழ வச்சிடுங்க, கொக்கு ஒண்ணு போடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சீங்கன்னா படம் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

வீட்டுக்கு வந்த பிறகு

கேக் வாங்கின அட்டைப்பெட்டி இருந்தா அதுக்குள்ள போர்டோட பின்பக்கத்துல டேப்ப ஒட்டி வச்சு பஸ்ஸுல கொண்டுவரலாம், மேல எதுவும் படாது. பூச்சி ஒட்டியிருந்தா ஈரத்துல எடுக்காதீங்க, காஞ்ச பிறகு தட்டினா தானா உதிரும். பர்ன்ட் சியன்னா வெரசா காயும், டைட்டானியம் வைட்டும் அலிசரினும் நேரமெடுக்கும், தடிச்ச எடம் மாசக்கணக்கு ஆகும். பீரோ உள்ள வைக்காதீங்க, இருட்டுல காஞ்சா லின்சீட் மஞ்சளடிக்கும், மொட்டமாடி வெயிலும் வேணாம், வெளிச்சமான ரூம்ல புழுதி படாம சாத்தி வைங்க.

எண்ணெய் தொடச்ச துணிய கசக்கிக் குப்பைக் கவர்ல போட்டுடாதீங்க. லின்சீட் காயறப்போ சூடு வரும், கசங்கின துணிக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்புடிக்கும், இது கட்டுக்கதை இல்ல, மதுரை வெயில்ல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். விரிச்சு வெளிய கல்லு மேல காயப் போட்டுட்டு அப்புறம் போடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வைங்க. கழுவுன டர்பன்டைன சிங்க்ல ஊத்தாதீங்க, பாட்டில்ல மூடி ரெண்டு நாள் விட்டா கலர் அடியில தங்கிடும், மேல் தெளிவ மறுபடி கழுவ எடுத்துக்கலாம். ஜன்னலத் தொறந்து வச்சே வேலை பாருங்க, வரையறப்போ கையில வடைய வச்சு தின்னாதீங்க.

வார்னிஷ் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் கழிச்சு அடிச்சாப் போதும்.